டேஷ்போர்டில் போட்ட துளை

கோலாலம்பூரில் வாரத்தில் மூன்று காலை, டயாலிசிஸ் செய்துகொள்ளும் மூன்று பேரைச் செந்தூலிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு என் வேனில் அழைத்துப்போகிறேன். முன்சீட்டில் வருபவர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அங்கிள். மெதடிஸ்ட் சபையில் வெகுகாலம் பாடியவர். போகும் வழியெல்லாம் அவருக்குக் கீர்த்தனை கேட்க வேண்டும். தன் சபைக்காரர்கள் பாடியதையே போனில் வைத்திருந்தார்.

வேனில் நான் வாங்கி மாட்டிய பிளேயருக்கு யூஎஸ்பி பின்பக்கம் இருந்தது. கடைக்காரர் அதன் வயரை அங்கிளின் முழங்காலுக்கு எதிரே இருந்த டிராயருக்குள் விட்டுவிட்டார். அங்கிருந்து இன்னொரு வயரை கியருக்குக் குறுக்கே இழுத்து, என் பக்கம் வைத்த அவர் போனில் சொருகுவேன். நன்றாக இல்லை என்று தெரியும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை கியர் மாற்றும்போது வயர் சுற்றிக்கொண்டது.

"பாட்டு நின்னுருச்சும்மா" என்றார் அங்கிள்.

"இருங்க அங்கிள்" என்று கீழே குனிந்தேன். முன்னால் சிவப்பு விளக்குக்கு நின்ற மோட்டார் சைக்கிளை நான் பார்க்கவில்லை. இடித்துவிட்டேன்.

சாப்பாடு கொண்டுபோகும் ஒரு மலாய் இளைஞன். விழுந்தவன் தானே எழுந்தான். முழங்கையில் ரத்தம். கிளினிக்குக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். "தாக் அப்பா, கக்" என்றான், பரவாயில்லை அக்கா என்று. பையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான். அவன் நம்பரைக்கூட நான் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் சுவிட்ச் இல்லாத ஒரு காலி மூடி உண்டு. அதைப் பெயர்த்துத் துளை போட்டு, அரம் வைத்துத் தேய்த்துப் பெரிதாக்கினேன். பிளேயரை வெளியே இழுத்து, புது வயரைப் பின்னால் செருகி, ஸ்டீயரிங்கில் சிக்காதபடி ஓரமாகக் கட்டினேன். யூஎஸ்பி துளையில் கச்சிதமாக உட்கார்ந்தது. சந்தோஷம் வரவில்லை. இரண்டு மணி நேர வேலைதான். இதை முன்பே செய்திருக்கலாம்.

திங்கட்கிழமை அங்கிள் பின்சீட்டில் ஏறினார்.

"இனிமே வயரு குறுக்க வராது அங்கிள். இங்கயே சொருகலாம்."

"வேணாம்மா. சும்மாவே போலாம்."

இரண்டு வாரம் கழித்து அவர் மகள் போன் செய்தாள். "அக்கா, அப்பா யாரையோ இடிச்சிட்டேன், இடிச்சிட்டேன்னு சொல்றாரு. அவரு வண்டி ஓட்டறதே இல்ல லா. என்னாச்சு?"

அதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னைக்கே நீங்க என்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள். மற்ற இரண்டு வீடுகளுக்கும் அன்றே போன் செய்து சொன்னேன்.

மறுநாள் சிகிச்சை மையத்து வாசலில் அங்கிளை நிறுத்தினேன்.

"பாட்டு நின்னுச்சுன்னு மட்டுந்தான் நீங்க சொன்னீங்க. ரோட்டப் பாக்காம குனிஞ்சது நான். தப்பு என்னோடது அங்கிள்."

அவர் என்னைப் பார்த்தார். "அந்தப் புள்ள நல்லபடியா வீடு போய்ச் சேந்தானா? உனக்குத் தெரியுமா?"

"தெரியாது அங்கிள்."

"எனக்கும் தெரியாது. அதாம்மா."

பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

முன்சீட்டில் இப்போது மற்ற இருவரில் ஓர் ஆன்டி வருகிறார். புறப்படும் முன் தன் போனை என்னிடம் தந்து அந்தப் புது யூஎஸ்பியில் சார்ஜ் போடச் சொல்கிறார். அங்கிள் பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். பாட்டுப் போடட்டுமா என்று எப்போதாவது கேட்பேன். வேண்டாம் என்று கையை மட்டும் அசைப்பார்.