நான் காட்டிய சைகை

திருத்தணி முருகன் அடியார்களுக்கு வணக்கம். என் பெயர் சேகர். பதினோரு வருடமாகத் திருத்தணியிலிருந்து ரயிலில் போய் வந்து துறைமுகத்தில் வேலை செய்கிறேன். கிரேன் ஓட்டுபவருக்குக் கையால் சைகை காட்டுவது என் வேலை. கப்பலின் அடியறை அவர் கண்ணுக்குத் தெரியாது. என் கையை நம்பித்தான் சரக்கை இறக்குவார்.

போன வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அடியறைக்குள் இரும்புச் சுருள்களை இறக்கிக்கொண்டிருந்தோம். உள்ளே நின்று, சுருள்கள் உருளாமலிருக்க முட்டுக்கட்டை வைத்துக்கொண்டிருந்தவன் காசிம், அரக்கோணத்துக்காரன். தினமும் ஒரே ரயிலில்தான் போவோம். அவன் விலகிவிட்டானா என்று பார்க்காமலே 'இறக்கு' என்று கை காட்டிவிட்டேன். சுருள் அவன் வலது காலை நசுக்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். பாதத்துக்கு ரத்தம் ஓடுகிறதா என்று இரண்டு நாள் பார்ப்போம், ஓடாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான் என்றார்கள்.

நிற்கக் கூடாத இடத்தில் காசிம் நின்றான் என்று ஆபீசில் எழுதினார்கள். என்னைக் கேட்டார்கள். தலையாட்டினேன். வேலை போய்விடும் என்ற பயம். எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள்.

மறுநாள் விடிந்ததும் மலை ஏறினேன். அவன் காலைக் காப்பாற்று என்று கேட்கத்தான் போனேன். சன்னதியில் வார்த்தை வரவில்லை. பொய்யை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு கேட்பது? கடைசியில், "முருகா, உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் குடு. அவன் கால நீ பாத்துக்கோ" என்றேன். அவ்வளவுதான். வேண்டுதல் எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை.

நேராகத் துறைமுகம் போய் சூப்பர்வைசரிடம் நடந்ததைச் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். பிறகு ஆஸ்பத்திரி. வெளியே இருந்த காசிமின் மனைவியிடமும் சொன்னேன். அவர் உள்ளே போகச் சொல்லிக் கதவைக் காட்டினார்.

"காசிமு, நான் பாக்காம கைய காட்டிட்டேன். தப்பு என்னுது."

அவன் என் பக்கம் திரும்பினான். "தெரியும்டா. ஒன் கையத்தான பாத்துகினு இருந்தேன். நீயா வந்து சொல்லுவியான்னு காத்துகினு கெடந்தேன்."

அன்று மாலை டாக்டர் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, சூடு வந்திருக்கிறது, ரத்தம் ஓடுகிறது என்றார். கால் தப்பியது. இரண்டு விரல்கள் போய்விட்டன. அதை மறைத்தால் மறுபடியும் பொய் சொன்னவனாவேன்.

என்னை மூன்று மாதம் அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டு, பிறகுதான் திரும்பக் கொடுத்தார்கள். இப்போது கீழே இருப்பவன் முகத்தைப் பார்க்காமல் கையைத் தூக்குவதில்லை. காசிமுக்கு ஸ்டோரில் வேலை. லேசாகச் சாய்ந்து நடக்கிறான்.

முருகனிடம் கேட்க முடியாமல் உங்களுக்கு எது தொண்டையை அடைக்கிறதோ, அதை முதலில் சொல்லிவிடுங்கள். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான். எனக்குப் பார்த்துக்கொண்டான்.