அறுபத்தாறில் ஓடிய கணினி

ஜெசிந்தா ரீச்சர் காலமான செய்தி எனக்கு எழுத்தில் வந்தது. அக்கராயனில் வயல் வரம்பில் நின்றபோது கைபேசி அதிர்ந்தது. முன்பென்றால் பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டியிருப்பேன். அன்று நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். ‘ரீச்சர்’ என்ற சொல்லை வாசித்து முடித்ததும் சந்தோசமாக இருந்தது. அடுத்த சொல்லுக்கு நேரம் எடுத்தது. இவ்வளவு காலமும் சாவுச் செய்தியை யாராவது ஒருவர் பதமாகச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். இதை எனக்கு நானே சொல்ல வேண்டியிருந்தது.

நாயாற்றுக் கரையில் பிறந்த அவரை உங்களில் பலர் கிளிநொச்சியில் கணினி திருத்துபவராக அறிவீர்கள். பின்னேரங்களில் எங்கள் ஊர் மண்டபத்துக்கு வந்து, எழுத்தறியாத முதியவர்களுக்கு அவர் வகுப்பெடுத்ததைச் சிலரே அறிவீர்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

மண்டபத்தில் ஒரு பழைய கணினி இருந்தது. அதில் ஒரு எழுத்துப் பாடம். எழுத்து எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்று திரையில் தானாகவே கீறிக் காட்டும். நாங்கள் மேசையில் விரலால் அதன் பின்னே போவோம். புதிய கணினிகளில் அந்தப் பாடம் திறக்காது. ஒருநாள் அதன் மூளை போன்ற பாகம் செத்துவிட்டது. ரீச்சர் தன் கடையிலிருந்து அதைவிட வேகமான ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினார். அதன்பின் எழுத்து மின்னல்போல ஓடும். பாதி வளைவில் அப்படியே உறைந்துவிடும்.

மண்டபப் பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். “ஓடாத பெட்டிக்கு ஏன் ரீச்சர் ஒரு அறை? வாற மாதம் இதில உரம் அடுக்கப் போறம்.”

எனக்கு அப்போது உயிரெழுத்தே முடியவில்லை. பெட்டி நின்றால் வகுப்பும் நின்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அடுத்த நாள் ரீச்சர் வந்தபோது, நிறுத்தி வைத்திருந்த கணினியின் மேல் ஈரச் சாக்கு ஒன்று கிடந்தது. என்னோடு படித்த பிலோமினாவின் வேலை. தண்ணீர் இறைக்கும் இயந்திரம் சூடேறி நின்றால் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

“ஐயோ அக்கா! இது பம்பி இல்லை, குளிக்க வார்க்க!”

“சூடு பிடிச்சிட்டுதாக்கும் எண்டு நினைச்சன் ரீச்சர்.”

“நீங்கள் நினைச்சது சரி. நானும் முதல்ல அதைத்தான் நினைச்சனான். ஆனா விடியக் குளிருக்கையும் நிக்குது. அப்ப சூடு இல்லை.” சாக்கை எடுத்து வெளியே காயப் போட்டார். அவருடைய சிரிப்பு மட்டும் அன்று முழுவதும் அடங்கவில்லை.

பிறகு அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நினைவுப் பலகையைக் கழற்றி, என் அழிறப்பரால் அதன் மஞ்சள் பற்களைத் தேய்த்துத் திரும்பப் போட்டார். சரிவரவில்லை. மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றினார். சரிவரவில்லை. பழையதையே மீண்டும் பூட்டினார். “எல்லாத்தையும் ஒருமிக்க மாத்துங்கோவன், கெதியா முடியும்” என்றேன்.

“ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்தோணும் ஐயா. ரெண்டை மாத்தினா எது சுகமாக்கினது எண்டு ஒருக்காலும் தெரியாது.”

கடைசியில் தாய்ப்பலகையில் ஒரு இடத்தைக் காட்டினார். ஊசிகள் நிரையாக நின்றன. அவற்றில் இரண்டை நெல்மணி அளவான கறுப்புத் தொப்பி ஒன்று இணைத்திருந்தது. பக்கத்தில் 66, 100 என்று அச்சடித்திருந்தது. எண்கள் எனக்கு முன்பே தெரியும்.

“மூளைக்கும் நினைவுக்கும் நடுவில ஒரு பாதை. அதுக்குப் பேர் பஸ்.”

“எங்கட பஸ் எண்டா இன்னும் வந்திராது” என்றார் பிலோமினா.

“இது மற்றப் பக்கம் அக்கா, பறக்குது. புது மூளை நூறில ஓடும் எண்டு நான்தான் தொப்பியை நூறில மாட்டினனான். இந்தப் பழைய நினைவுப் பலகை அறுபத்தாறுக்கு மேல தாங்காது.”

“துருசைக் கூடத் திறந்தா வாய்க்கால் கரை உடையிற மாதிரி” என்றேன். குளத்து மதகில் தண்ணீர் முறை பார்த்தவனுக்கு வேறென்ன தோன்றும்?

“ஓம் ஐயா, அதேதான்.” தொப்பியைக் கழற்றி 66 இல் மாட்டினார்.

‘இ’ தொடங்கியது. முன்னைவிட மெதுவாக வளைந்து, சுழித்து, முடிவுக்கு வந்தது. நிற்கவில்லை. என் விரலும் அதோடு போய்ச் சேர்ந்தது. பிலோமினா கைதட்டினார். வவுனியாவிலிருந்த ரீச்சரின் தம்பி தொலைபேசியில் விசயத்தைக் கேட்டுவிட்டு, “அக்கா, நூறில ஓடுறதை அறுபத்தாறில விடுறது அநியாயம். வேற நினைவுப் பலகை தாறன்” என்றார். ரீச்சர் எங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டே, “வேண்டாமடா. இங்க இதுதான் சரியான வேகம்” என்றார். பொறுப்பாளர் வந்து ‘ஈ’ முழுதாகக் கீறப்படுவதைப் பார்த்துவிட்டு, உரத்துக்கு வேறு இடம் தேடினார்.

முல்லைத்தீவுக் கரையில் அவரை அடக்கம் செய்த அன்று, தேவாலய வாசலில் அஞ்சலி எழுத ஒரு கொப்பி வைத்திருந்தார்கள். பட்டணத்துப் பிள்ளைகள் ஒரு கோடு இழுத்துக் கையெழுத்திட்டுப் போனார்கள். என் முறை வந்தபோது முழுப்பெயரை எழுதத் தொடங்கினேன். பின்னால் வரிசை நீண்டது. யாரோ, “ஐயா, நான் எழுதிவிடட்டோ?” என்று மெல்லக் கேட்டார்.

“விடுங்கோ தம்பி, அவர் எழுதுவார்” என்றார் பிலோமினா.

கை மெதுவாகப் போனது, நிற்கவில்லை. பெயருக்குக் கீழே ‘ரீச்சரின் மாணவன்’ என்றும் எழுதினேன். வரிசை பொறுத்திருந்தது. மெதுவாக எழுதுவதற்கு வெட்கப்படாத இந்தக் கைதான் அவர் எனக்குத் தந்துவிட்டுப் போனது.