அக்கா சொன்ன ‘சரி’

எங்கள் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சமென்ன, தாராளமாகவே நீளம். அப்படிப்பட்டவளுக்குப் புற்றுநோய் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் கிடைத்த வேலையைக் கேளுங்கள். இ-சிகரெட் பிடிப்பவர்களுக்கு போன் போட்டு, எப்போதெல்லாம் பிடிக்கிறீர்கள், எதற்காக, எந்த வாசனை என்று விசாரிக்க வேண்டும். அவர்கள் என்ன சொன்னாலும் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த தடவை உண்மை வராதாம். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில், "சரி."

"பல்லைக் கடிச்சுக்கிட்டு சொல்றேன்டி," என்பாள் என்னிடம். ஆனாலும் வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. முகம் தெரியாதவர்கள் மனம் விட்டுப் பேசினார்கள்.

வினை வீட்டில்தான் வந்தது. அக்காவின் கணவர், எங்கள் மாமா, ஏசி மெக்கானிக். சிகரெட்டை விட்டவர், பேனா மாதிரி இருக்கும் இ-சிகரெட் ஒன்றை வாங்கிக் குளியலறையில் ஒளிந்து ஊதிக்கொண்டிருந்தார். குளியலறையில் மாம்பழ வாசனை அடித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஒருநாள் அவரே ஒப்புக்கொண்டார். "சிகரெட்டுக்குப் பதிலா இதப் பிடிக்கிறேன். சாயங்காலம் மட்டும்தான்."

வேலை முடிந்து வந்த அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பழக்க தோஷம், "சரி" என்றுவிட்டாள்.

அவ்வளவுதான், மனிதருக்குக் கொம்பு முளைத்துவிட்டது. மறுநாளே ஹாலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஊதினார். நான் முறைத்தேன். "கேன்சர் ஆஸ்பத்திரியே சரின்னு சொல்லிடுச்சு, உனக்கென்ன?" என்றார்.

அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள். "நான் எப்பங்க சரின்னு சொன்னேன்?"

"செருப்பக் கழட்டும்போது சொன்னியே!"

"ஐயோ கடவுளே, அது காதுல விழுந்துச்சுங்கற சரி!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமா விடவில்லை. "இது கெடுதல்னு உங்க ஆளுங்க கண்டுபிடிச்சாச்சா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். குரல் இறங்கிவிட்டது. "கெடுதல்னு தெரியும். எங்க கொண்டு போய் விடும்னுதான் தேடிட்டு இருக்கோம். ஒவ்வொருத்தர் பேசும்போதும் உங்க மூஞ்சிதான் தெரியுது. பயமா இருக்குங்க. அந்த ஆராய்ச்சிக்கு வேற ஆளுங்க இருக்காங்க. எனக்கு நீங்க ஒருத்தர்தான்."

மாமா மேலே போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார். அவள் சண்டை போட்டால் ஈடு கொடுப்பார். அவள் பயந்து அவர் பார்த்ததேயில்லை. கையிலிருந்ததை அவளிடம் நீட்டினார்.

"இத விடறதுக்கு வழி சொல்ற டாக்டர் அங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

மறுநாள் இருவரும் கிளம்பினார்கள். பாதி வழியில் தன் மனம் மாறிவிடப் போகிறதென்று, மாமாதான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.