பிரேமகுமாரி கலந்த நிறம்

திருத்தணியில் பதினான்கு வருஷம் மணப்பெண் அலங்காரம் செய்தவள் பிரேமகுமாரி. முகூர்த்த நாளில் மலையடிவாரத்து மண்டபங்களிலிருந்து அவளைத்தான் தேடி வருவார்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்று அவள் கையிலிருந்து ஒரு பெண்ணும் மணவறைக்குப் போனதில்லை.

கொரோனா வந்து கல்யாணங்கள் நின்றன. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சித்தி மகன் ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்ன பொம்மைகளைக் கொண்டுவந்து கொடுத்தான். கட்டைவிரல் உயரம்தான். வாள் பிடித்த வீரர்கள், காது நீண்ட பெண்கள், கொம்பு வைத்த பூதங்கள். வெளிநாட்டில் வயது வந்தவர்களே இவற்றை மேசையில் நிறுத்தி யுத்த விளையாட்டு ஆடுகிறார்களாம். வண்ணம் தீட்டித் தர ஆள் தேடுகிறார்களாம். பத்து பொம்மை போட்டுப் பார்த்தாள். கை விடவில்லை. கல்யாணங்கள் மறுபடி தொடங்கிய பிறகும் அவள் மண்டபங்களுக்குத் திரும்பவில்லை.

அவளுடைய பொம்மைகளுக்குப் பெயர் வாங்கித் தந்தது தோல்தான். மாநிறத்தை எல்லோரும் பழுப்பில் வெள்ளையைக் கலந்து ஏற்றுவார்கள். அது சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். இவள் பழுப்பில் துளி சிவப்பும் ஊசிமுனை நீலமும் கலப்பாள். வெயில் விழும் கன்னத்துக்கும் தோளுக்கும் மஞ்சளோடு கொஞ்சம் ஆரஞ்சு. அடியில் ரத்தம் ஓடுகிற மாதிரி இருக்கும்.

போன வருஷம் ஜெர்மனியிலிருந்து ஒருவர் நாற்பது பொம்மை அனுப்பினார். தண்ணீரில் மூழ்கிச் செத்து, எழுந்து நடந்து வரும் படை. பாதிப் பேர் கறுத்த தோல்காரர்கள், செத்த பிறகும் அது தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தார். பிரேமகுமாரி இணையத்தில் தேடினாள். செத்த தோலுக்குச் சொல்லப்பட்ட கலவையெல்லாம் வெள்ளைக்காரப் பிணத்துக்கானது. சரி, நாமே செய்து பார்ப்போம் என்று ஒரு பொம்மைக்கு முதலில் உயிருள்ள மாநிறத்தை முழுசாகப் பூசினாள். காய்ந்ததும் அதன்மேல் நீர்த்த பச்சை. பிறகு கண்ணைச் சுற்றி ஊதா. கடைசியாக, தோல் உரிந்த இடங்களுக்கு வெளிறிய ஒரு நிறம்.

பகல் பதினோரு மணி இருக்கும். பொம்மையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். இந்த நிறத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். மேலே போட்ட பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் துடைத்தாள். வெளிறல் போயிற்று, ஊதா போயிற்று, பச்சை போயிற்று. அடியிலிருந்து வந்தது அவளுடைய அண்ணன் ஜெபஸ்டினின் நிறம்.

ஆறு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில், அரக்கோணத்தில் லேத் பட்டறை வேலைக்குப் போன ஜெபஸ்டின் வீடு திரும்பவில்லை. பத்தாம் நாள், தண்டவாளத்தை ஒட்டிய ஏரியில் ஒரு ஆண் உடல் மிதந்தது. அடையாளம் பார்க்கக் கூப்பிட்டார்கள். அவன் மனைவி பெபி அப்போது மாசமாக இருந்தாள். அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் பிரேமகுமாரி மட்டும் பிணவறைக்குள் போனாள். துணியை விலக்கினார்கள். ஒரு நொடி பார்த்தாள். ஊதிப்போய், திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. எங்க அண்ணன் மாநிறம், இது அவர் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அவள் சொன்ன அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பெபி இருந்தாள். மகள் பிறந்தாள், வளர்ந்தாள். திருப்பதியில் பார்த்தேன், காளஸ்திரியில் ஒரு ஆசிரமத்தில் பார்த்தேன் என்று யார் சொன்னாலும் பெபி தையல் மிஷினை மூடிவிட்டு போட்டோவோடு பஸ் ஏறிவிடுவாள். வேறு கல்யாணம் பேசிய தன் அண்ணன்மாரிடம், பிரேமா பார்த்துவிட்டு இல்லைன்னு சொல்லிட்டா என்பாள். அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள்.

மறுநாள் பிரேமகுமாரி யாரிடமும் சொல்லாமல் அரக்கோணத்துக்கு ரயில் ஏறினாள். ரயில்வே போலீசில் கஜபதி என்ற வயதான ஏட்டு அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பழைய ஃபைலைத் தேடி எடுத்து, அடையாளம் தெரியாத அந்த உடலின் படங்களை மேசைமேல் வைத்தார்.

"மொகத்தப் பாக்காதம்மா. வேற எதனா தெரியுதா பாரு," என்றார்.

இடது கைச் சுண்டுவிரலில் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது. லேத்தில் அடிபட்டது. அப்போது அவனுக்கு இருபது வயது. கட்டுப் போட்டு விட்டவள் பிரேமகுமாரிதான். அன்று பிணவறையில் கையைப் பார்க்கத் தோன்றவில்லை. பொய் எதற்கு, இல்லை என்று சொல்லத் தயாராகித்தான் உள்ளேயே போனாள்.

திருத்தணிக்குத் திரும்பியதும் நேரே பெபியின் வீட்டுக்குப் போனாள். பெபி யாருக்கோ ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். பிரேமகுமாரி தரையில் உட்கார்ந்து பொம்மையில் தொடங்கி நகம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். பெபி கடைசித் தையலை முடித்து நூலை அறுத்தாள். மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அன்னிக்கு நீ வெளிய வந்து இல்லன்னு சொன்ன. என் மொகத்தப் பாக்காம தரையப் பாத்துகினு சொன்ன. அப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் அண்ணி கேக்கல?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிருப்பியே," என்றாள் பெபி.

பிறகு கோர்ட்டு மூலமாகக் குழந்தையின் ரத்தத்தை எடுத்து, உடலிலிருந்து எடுத்து வைத்திருந்த எலும்போடு ஒப்பிட்டார்கள். ஐந்து மாதம் ஆயிற்று. அவன்தான் என்று வந்தது. எப்படி ஏரிக்குள் விழுந்தான் என்பதற்கு மட்டும் கடைசிவரை பதில் இல்லை. நடுவில் ஒருநாள் ஜெர்மனிக்காரரின் நாற்பது பொம்மைகளையும் பிரேமகுமாரி முடித்து அனுப்பினாள். கறுத்த வீரர்களைப் பார்த்து அவர் அசந்துபோய், என்ன கலவை என்று கேட்டு எழுதினார். அவள் பதில் போடவில்லை. செத்தவர்களுக்கு இனி வண்ணம் போடுவதில்லை என்று மட்டும் சித்தி மகனிடம் சொல்லிவிட்டாள்.

யாரும் உரிமை கோராத உடல்களைப் புதைக்கும் இடம் அரக்கோணத்துக்கு வெளியே இருந்தது. போதகர் வந்திருந்தார். காவல்காரர் பச்சையப்பன் முள்செடி மண்டிய ஒரு வரிசையைக் காட்டி, இதில்தான் எங்கியாவது இருப்பார், இன்ன இடம் என்று சொல்ல முடியாது என்றார். பெபி கொண்டுவந்த மாலையைப் பிரித்து, அந்த வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு மேட்டிலும் இரண்டு பூ வைத்துக்கொண்டே போனாள். குழந்தை பின்னாலேயே போய், சரிந்த பூக்களை நிமிர்த்தி வைத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பெபி உட்கார்ந்த உடனே தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பிரேமகுமாரி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்தாள். நல்ல மழைக்காலம், வழியெல்லாம் ஏரிகள் ததும்பிக் கிடந்தன. ஒவ்வொரு ஏரி வரும்போதும் குழந்தை கைநீட்டிக் காட்டினாள். பிரேமகுமாரி பார்க்கவில்லை.