மரிசித்தாவின் கொடியில் காய்பவை

என் தம்பி மடுத்தீனின் மனைவி மரிசித்தாவைப் பற்றி யாராவது நல்லவிதமாகக் கேட்டால், கை சுத்தம், வாய் சுத்தம், வேலைக்குப் பஞ்சிப்படாதவள் என்று சொல்ல நான் ஆயத்தமாகத்தான் இருக்கிறேன். ஆனால் அப்படி ஒருவரும் கேட்பதில்லை. ஓலைத்தொடுவாயில் எங்கள் ஒழுங்கையால் போகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "அதென்ன அக்கா, உங்கட கொடியில காயுது?"

கொடி எனக்கும் அவளுக்கும் பொது. என் வளவுப் பூவரசிலிருந்து அவள் வளவு முருங்கை வரை ஓடுகிறது. என் பக்கத்தில் மனிதர் உடுக்கிற உடுப்புக் காயும். அவள் பக்கத்தில் புடவைக்கடைப் பைகள் காயும். பொலித்தீன் பை கூடாது என்று சொன்ன பிறகு கடைக்காரர்கள் கொடுக்கத் தொடங்கினார்களே, அந்தப் பைகள். பார்த்தால் துணி மாதிரி இருக்கும், துணியல்ல. நான் தையல்காரி, எனக்குத் தெரியாதா? துணி என்றால் நெய்திருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் வரவேண்டும். இதில் இழுக்க நூலே இல்லை. பிளாஸ்ரிக்கைப் பஞ்சாக்கி, சூட்டில் அமுக்கி ஒட்டி, அதன்மேல் கடையின் பெயரையும் பல்லைக் காட்டுகிற ஒரு மணப்பெண்ணையும் அச்சடித்து விட்டிருக்கிறார்கள்.

பை மட்டுமென்றால் பொறுத்திருப்பேன். கொரோனாக் காலத்தில், ஒருமுறை போட்டுவிட்டு எறிகிற நீல மாஸ்க்குகளைக் கழுவிக் கழுவிக் காயப்போட்டாள். கழுவினால் உள்ளே இருக்கிற பஞ்சு கெட்டுப்போகும், பிறகு அதைப் போட்டாலும் ஒன்றுதான் போடாவிட்டாலும் ஒன்றுதான் என்று பிள்ளைப்பேறு பார்க்கிற மிட்வைவ் மிஸ் வாய் நோகச் சொல்லிவிட்டுப் போனார். மரிசித்தா தலையாட்டினாள். அடுத்த நாள் மாஸ்க்குகள் கொடியில் ஆடின. பிள்ளை துடைக்கிற ஈரத்தாள், அந்த ரிஷூவைக்கூட அலசிக் காயப்போடுவாள். அவளுடைய மகள் டினோஜாவின் பிறந்தநாளுக்கு வந்த பெரிய மனிதர்களுக்கு முன்னால் அந்த ரிஷூவை மடித்து மேசை துடைத்தபோது, எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"எறியன் அதை! கடையில வேற இல்லையே?" என்பேன்.

"நல்லாக் கிடக்கு மச்சாள். கழுவினாப் புதுசுதானே."

இதுதான் அவளுடைய மறுமொழி. கோபப்பட்டுச் சொன்னாலாவது ஒரு சண்டை பிடித்து மனம் ஆறலாம். சிரித்துக்கொண்டல்லவா சொல்லுவாள். அந்தச் சிரிப்போடு மல்லுக்கட்டியே என் தொண்டைத்தண்ணி வற்றிவிட்டது.

எனக்கு இன்னும் எரிச்சல் என்னவென்றால், அவள் கழுவுகிற விதம் பிழையில்லை. பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பாள், கொஞ்சம் சவர்க்காரம், கையால் மெதுவாக அலசுவாள். முறுக்கிப் பிழிய மாட்டாள், இஸ்திரிப்பெட்டியைக் கிட்டக் கொண்டுபோக மாட்டாள். ஆனாலும் அவளுடைய பைகள் ஆறு மாதம் தாண்டாது. தொட்ட இடம் பொடிப்பொடியாக உதிரும். அலுமாரிக்குள் நான் தூக்கிப்போட்ட பையோ வருடக்கணக்காக அப்படியே இருக்கும். ஏன் என்று நானும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. "சாமான் சரியில்லை" என்று ஏசிவிட்டு அடுத்ததைக் கழுவப் போய்விடுவாள்.

மரிசித்தா கலியாணம் கட்டி வந்த காலந்தொட்டுக் கருவாட்டு வாடிகளில்தான் வேலை செய்தாள். மற்றவர்களின் மீனை வெட்டி, மற்றவர்களின் உப்பைப் போட்டு, மற்றவர்களின் பரணில் காயவைத்தாள். உப்புத் தண்ணீர் அவளுடைய விரல் இடுக்கெல்லாம் வெடிக்க வைத்திருந்தது. போன சோளகக் காற்றுக் காலத்தில்தான் முதன்முதலாக அவளுக்கென்று ஒரு ஓடர் வந்தது. எருக்கலம்பிட்டி நசீறா கருவாடு வாங்கிக் கொழும்புக் கடைகளுக்கு அனுப்புகிறவள். மடுத்தீனின் வலையில் நல்ல கட்டா மீன் பட்டிருக்கிறதென்று கேள்விப்பட்டு வந்து, "அக்கா, நீங்களே போட்டுத் தாங்க. மண் இருக்கக் கூடாது, ஈ இருந்த அடையாளம் இருக்கக் கூடாது. கடைக்காரனுக்குப் பிடிச்சா ஒவ்வொரு முறையும் உங்களிட்டத்தான் எடுப்பன்" என்றாள். அது சரிவந்தால் மரிசித்தா இனி வாடிக்குப் போகத் தேவையில்லை. அவள் அன்றைக்கு நடந்த நடையே வேறு.

பரணில் காயும் மீனுக்கு மேல் நாங்கள் பழைய வலையைத்தான் போடுவது. வலை காகத்தைத் தடுக்கும், ஈயைத் தடுக்குமா? அன்றைக்குப் பின்னேரமே மரிசித்தா ஒரு கட்டுப் பைகளோடு என் தையல் மெசினுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மச்சாள், இதுகளை வெட்டி ஒண்டாப் பொருத்தித் தாங்கோ. காத்துப் போகும், ஈ போகாது. எல்லாம் கழுவினதுதான்."

நான் ஏசினேன். ஏசிக்கொண்டே தைத்தேன். அந்தச் சனியனைத் தைப்பது லேசில்லை. ஊசி போட்ட ஓட்டை மூடாது. பிழைத்துப்போனால் பிரித்துத் தைக்கவும் முடியாது, தபால் முத்திரை கிழிவதுபோல் தையல் வழியே கிழிந்து வந்துவிடும். கீழ் ஓரத்துக்குப் பை போதாமல் என் அலுமாரியில் கிடந்ததுகளை எடுத்து, காற்றுத் தூக்காமலிருக்க நாலு மடிப்பாக மடித்து, மேலே கல்லு வைக்கக்கூடிய மாதிரித் தைத்தேன். கடைசியில் பரணை மூடுகிற அளவுக்கு ஒரு விரிப்பு வந்தது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், நடுவே வரிசையாக மணப்பெண்கள். ஊரே வந்து பார்த்துச் சிரித்தது.

சிரித்தவர்களின் வாய் நாலைந்து நாளில் மூடிவிட்டது. ஈ ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கட்டா மண்படாமல், மஞ்சள் பூத்துக் காய்ந்தது. வாடிக்காரி ஒருத்தி வந்து விரிப்பை இரண்டு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனாள். "பாத்தீங்களே மச்சாள்?" என்று மரிசித்தா கேட்டபோது, நான் சொன்ன சொல்லையெல்லாம் விழுங்க வேண்டியிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நசீறா வருவதற்கு இரண்டு நாள் இருக்கையில் சோளகம் உரத்து அடித்தது. ஓலைத்தொடுவாய்க்குச் சோளகம் புதிதல்ல. ஆனால் அன்றைக்கு நானும் மரிசித்தாவும் பங்குக் கோவில் வளவைத் துப்புரவாக்கச் சிரமதானத்துக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது விரிப்பு நடுவால் பிளந்து, மிச்சம் காற்றில் மாவாகப் பறந்துகொண்டிருந்தது. கட்டாவுக்கு மேலெல்லாம் சிவப்பும் பச்சையும் நீலமும். ஒரு மீனின் முதுகில் மணப்பெண்ணின் சிவப்புச் சொண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

மடுத்தீன் விரிப்பின் ஒரு துண்டை எடுத்து விரலால் கசக்கினான். அது தூளாகிக் கொட்டியது. அவன் என்னைப் பார்த்தான், பிறகு தன் வலைக்குவியலைப் பார்த்தான். வலையும் நைலோன் கயிறும் கொட்டிலுக்குள், மேலே கிடுகு போட்டு மூடிக் கிடந்தன.

"கயிறை வெயில் திண்டுபோடும் எண்டு நான் நிழலில வைக்கிறன். இதுவும் அந்த இனந்தானே அக்கா?"

எனக்கு என் தலையிலேயே ஒன்று போடவேண்டும் போலிருந்தது. இந்தக் கரையில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும், நைலோனை வெயிலில் போட்டால் உக்கிப்போகும். வலையைப் பொன்போல் மூடிவைக்கிற நாங்கள், துணி மாதிரி இருக்கிறதென்ற ஒரே காரணத்துக்காக, வெயிலில் காய்ந்தால்தான் சுத்தம் என்று அந்தப் பைகளை உச்சி வெயிலிலேயே காயப்போட்டு வந்திருக்கிறோம். கழுவினது பிழையில்லை. காயப்போட்டதுதான் பிழை. ஏற்கெனவே உக்கிப்போனதைத்தான் நான் குந்தியிருந்து தைத்திருக்கிறேன், தையல்காரி!

மரிசித்தா தண்ணீருக்கு ஓடினாள். ஒரு வாளியை எடுத்தாள், தண்ணீரைப் பார்த்தாள், கீழே வைத்தாள். காய்ந்த கருவாட்டில் தண்ணீர் பட்டால் புழுத்துவிடும். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் கழுவியவளுக்கு முன்னால் கழுவ முடியாத ஒன்று கிடந்தது.

பரணுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு இருவரும் கையால் பொறுக்கத் தொடங்கினோம். நான் வாயை மூடவில்லை. "எறி எறி எண்டு எத்தினை தரம் சொன்னனான்? கேட்டியே? உனக்கு எறியிறதெண்டா என்ன நோகுது?"

அவள் மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "தொண்ணூறில சண்டைக்குப் பயந்து இராமேஸ்வரத்துக்குப் போன வள்ளத்தில, நடுக்கடலில தண்ணி ஏறிட்டுது மச்சாள். ஓட்டி சொன்னார், சாமானெல்லாத்தையும் எறியுங்கோ எண்டு. அம்மா முதல்ல சட்டி பானையை எறிஞ்சவ. பிறகு உடுப்புப் பொட்டலத்தை. அதுக்குள்ளதான் கோவில்ல முதன்முதலா நற்கருணை வாங்கப் போட இருந்த என்ர புதுநன்மை உடுப்பு. தைச்சுப் போட்டும் பாக்கேல்ல. பொட்டலம் உடன தாழேல்ல, எங்களுக்குப் பின்னாலயே மிதந்துகொண்டு வந்தது. எட்டினா எடுக்கலாம் போல கிடந்தது."

பிறகு பொறுக்கினாள். இத்தனை வருடம் பக்கத்து வளவில் இருந்திருக்கிறேன், இதை ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு வந்த கோபத்தை யாரில் காட்டுவதென்று தெரியவில்லை. நானும் குனிந்து பொறுக்கினேன்.

நசீறா வாகனத்தோடு வந்தபோது கருவாடு பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. அவள் ஒன்றொன்றாகத் தூக்கி, மணந்து, திருப்பிப் பார்த்தாள்.

"மாஷா அல்லாஹ்! மண்ணே இல்லையே அக்கா. கட்டச் சொல்லட்டா?"

நான் மூச்சை விட்டேன். மடுத்தீன் சாக்கை எடுக்கக் குனிந்தான். அப்போது மரிசித்தா ஒரு கட்டாவை எடுத்து, உப்பு இறங்குவதற்காகக் கீறியிருந்த கீறலைக் கத்தி நுனியால் விரித்துக் காட்டினாள். உள்ளே சதையோடு சதையாக நீலத் தும்பு இறங்கியிருந்தது.

"எல்லாத்திலயும் இப்பிடித்தான் தங்கச்சி. மேலால மட்டுந்தான் எடுக்க ஏலும். இதைக் கொண்டுபோகாதேங்கோ."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளுடைய கையைப் பிடித்து இழுக்கலாம் போலிருந்தது. நசீறாவுக்கும் அதே ஆத்திரந்தான். "நீங்க சொல்லாட்டி எனக்கு விளங்கியிருக்காதே! கடைக்காரன் பாத்துக்கொண்டு இருக்கான், அவனுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

"திண்ணுற ஆக்களுக்கும் விளங்காது. அதுதான் சொன்னனான்."

நசீறா அந்த மீனை வாங்கி, கீறலைத் தானும் விரித்துப் பார்த்தாள். பிறகு பரணில் வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாகனத்தில் ஏறினாள். அடுத்த முறை வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வெறும் வாகனம் மணலில் குலுங்கிக்கொண்டு போனது. வாடிக்குத் திரும்பிப் போகவேண்டும் என்பது மரிசித்தாவுக்குத் தெரியும். வெடித்த விரல்களை அவள் தடவிக்கொண்டு நின்றாள்.

மடுத்தீன் கருவாட்டைக் கூடையில் அள்ளினான். "கடலில கொட்டுறன்" என்றான்.

"வேண்டாம். கடலுக்கு எறிஞ்சது போதும்" என்றாள் மரிசித்தா.

பின்வளவில் கிடங்கு வெட்டினோம். நானும் மண்வெட்டி பிடித்தேன். கூடை கூடையாகக் கட்டாவைக் கொட்டினாள், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எறி எறி என்று அவளுக்குச் சொல்லிச் சொல்லியே கிழவியாகிறவள் நான். எறிகிறாளே என்று அன்றைக்கு அழுதவளும் நான்தான். கடைசியாக விரிப்பின் மிச்சத்தை உள்ளே தள்ளினோம்.

மண் போடப்போகையில் அவள் என் கையைத் தடுத்தாள். குனிந்து விரிப்பின் கீழ் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். நான் நாலு மடிப்பாகத் தைத்த இடம். தையலைப் பிய்த்து, உள் மடிப்பை எடுத்து இரண்டு கையாலும் பலமாக இழுத்துப் பார்த்தாள். கிழியவில்லை.

"இதில வெயில் படேல்ல மச்சாள். நல்லாக் கிடக்கு."

மண்ணும் மீன் மணமுமாக ஒரு சாண் அகலத் துண்டு. நான் வீட்டுக்குள் போய்ச் சவர்க்காரத்தை எடுத்து வந்து அவளுடைய கையில் கொடுத்தேன்.

"கழுவு. கழுவிப்போட்டு நிழலில போடு, விசரி" என்றேன்.