கண்ணாடி மறந்து வரும் கமீஸ்

போன வாரம் மரக்காணத்தில் பேங்குக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி ஒரு ஃபாரத்தை நீட்டினார். ஐம்பத்தைந்து வயசிருக்கும். உள்ளங்கை முழுக்க வெள்ளை வெள்ளையாக வெடிப்பு. உப்பளத்தில் வேலை செய்கிறவர் என்று கையே சொல்லிவிட்டது.

"கண்ணாடிய வூட்லயே வச்சிட்டு வந்துட்டேம்மா. கொஞ்சம் எழுதிக் குடேன்."

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டியதும் மை இருக்கிறதா என்று கேட்டுக் கட்டைவிரலைக் காட்டினார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

வந்த வேலையை முடிக்காமலே வெளியே வந்துவிட்டேன். பாண்டி பஸ் வந்தது, ஏறவில்லை. ஈசிஆர் ஓரமாக உப்பளம் வரைக்கும் நடந்தேன், திரும்பினேன், மறுபடியும் நடந்தேன். எனக்கு இப்படி அவ்வப்போது வரும், நின்ற இடத்தில் நிற்க முடியாது. வீட்டுக்காரருக்குப் பழகிவிட்டது. "இன்னிக்கு யாரு ஞாபகம்?" என்பார். அன்றைக்குக் கமீஸ் ஞாபகம்.

நான் ஓமனில் இங்கிலீஷ் டீச்சராக இருந்த கதையை உங்களிடம் சொன்னதில்லை, இல்லையா? அதற்கு முன்னால் ஆரோவில்லுக்கு வேலைக்குப் போகும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கேயும் கால் தரிக்கவில்லை. துறைமுக வேலை பார்க்கும் ஆட்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டேன், கூப்பிட்டுவிட்டார்கள். வயது இருபத்தேழு. அம்மா அடுப்பங்கரையிலிருந்து திரும்பாமலே கேட்டாள்:

"ஏண்டி, எல்லாம் உங்கப்பா வயசு ஆம்பளைங்கன்ற. ஒன்ன மதிப்பானுங்களா?"

"மதிக்கலன்னா திரும்பி வந்துடறேன்."

முதல் நாள் வகுப்புக் கதவைத் திறந்ததும் சாம்பிராணி வாசம் மூக்கில் ஏறியது. அங்கே ஆண்கள் உடுப்பைச் சாம்பிராணிப் புகையில் காட்டித்தான் போடுவார்களாம், எனக்கு எங்கே தெரியும்? வெள்ளை அங்கியில் பதினான்கு பேர். கைகூப்பத்தான் தோன்றியது. அவர்களோ போர்டைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள், பக்கத்தில் இருப்பவன் செருப்பைப் பார்த்தார்கள், என்னை மட்டும் பார்க்கவில்லை. நான் மார்க்கரை மூன்று முறை கீழே போட்டேன். போர்டில் என் பெயரையே ஒரு எழுத்து விட்டுவிட்டு எழுதினேன். நல்லவேளை, அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு அவர்களுக்கு இங்கிலீஷ் வரவில்லை.

இரண்டாம் வாரம் நாசர் என்கிற குண்டு ஆள் கையைத் தூக்கினார். "டீச்சர், மேரேஜ்?" இல்லை என்றேன். "ஒய் நாட்?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் அந்தக் கேள்வியை முழு வாக்கியமாகப் போர்டில் எழுதி, பதினான்கு பேரையும் ஒருவரை ஒருவர் கேட்க வைத்தேன். இரண்டு மனைவி உள்ளவர்கள் திணறினார்கள். மணி அடிப்பதற்குள் கல்யாணம் என்ற பேச்சே அவர்களுக்குச் சலித்துவிட்டது. அதற்கப்புறம் யாரும் என்னைக் கேட்டதில்லை.

அரபியில் P ஓசை கிடையாது. 'கார் பார்க்' என்று அவர்களுக்கு வராது, 'கார் பார்க்' என்று நாய் குரைக்கிற 'பார்க்'தான் வரும். பாருங்கள், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது! "எங்க ஊர்லயும் ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான்" என்று நான் சொன்னபோதுதான் வகுப்பு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தது.

கமீஸ் மட்டும் அப்போதும் பார்க்கவில்லை. வகுப்பிலேயே மூத்தவர், துறைமுகத்தில் ஃபோர்மேன். வாசிக்கச் சொன்னால், "நோ கிளாஸஸ், டீச்சர்" என்பார். கண்ணாடி அங்கிப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். பொம்பளைக்குப் பதில் சொல்லப் பிடிக்கவில்லை என்று நினைத்து ஒரு மாதம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு அரபிகூடப் பேசத்தான் வரும், எந்த எழுத்தும் தெரியாது.

மறுநாள் அரை மணி நேரம் முன்னால் வரச் சொன்னேன். வந்தார். கதவைத் திறந்து வைத்துவிட்டு ஏ, பி, சி ஆரம்பித்தோம். காலியாக இருந்த நாற்காலிகளைக் காட்டி உதட்டில் விரல் வைத்தார். "நோ டெல், டீச்சர்." நோ டெல் என்று நானும் சொன்னேன்.

ஆறு வாரம் அப்படிப் போனது. கிரேன் பிடிக்கிற கை, பென்சிலை உடைத்துவிடுவது போல் பிடிக்கும். தன் பெயரை முதல்முறை எழுதிய அன்று அந்தத் தாளை மடித்துக் கண்ணாடி இருந்த பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு எங்கள் பயிற்சி நிலையத்தின் டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். புகார் வந்திருக்கிறதாம். ஒரே ஒரு மாணவரோடு தனியாக இருக்கிறீர்களாமே, ஏன்? சரியான காரணம் இல்லாவிட்டால் விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். அம்மாவின் முகம் வந்தது. தெருக்காரர்கள் என்ன காரணம் சொல்லி என்னை வரவேற்பார்கள் என்பதும் வந்தது. "அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார், அதான்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. என்னிடமே வைத்துக்கொள்கிறேன் என்றார் அவர்.

மூன்றாம் நாள் வகுப்புக்கே தெரிந்திருந்தது. கமீஸ் வரவில்லை. எச்சரிக்கைப் பலகையை வாசிக்கத் தெரியாதவர் ஃபோர்மேனாக இருக்கக் கூடாது என்று துறைமுக கேட்டில் காவலுக்கு மாற்றிவிட்டார்கள் என்று நாசர் சொன்னார். சிரிக்காமல் சொன்னார்.

பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். பதினோராம் நாள் டாக்சி பிடித்து அந்த கேட்டுக்குப் போனேன். வெயிலில் காக்கிச் சட்டையில் நின்றிருந்தார். அங்கி இல்லாமல் ஆளே சின்னதாகிவிட்டது போலிருந்தது. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த அரபி வாக்கியம் மறந்துபோனது. "சாரி" என்றேன். நான் சொல்லிக் கொடுத்த வார்த்தைதான். அவர் கையை நீட்டினார்.

"கார்டு."

கொடுத்தேன். படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்த்தால் போதும், வாசிக்கத் தேவையில்லாத வேலை என்றுதான் அவரை அங்கே போட்டிருப்பார்கள். அவர் கார்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், விரலை வைத்து, என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாக வாசித்தார். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. அவர் அவசரப்படவில்லை. கடைசி எழுத்து வரைக்கும் வாசித்து முடித்து, கார்டைத் திருப்பிக் கொடுத்து, கம்பியை உயர்த்தினார். உள்ளே எனக்கு ஒரு வேலையும் இல்லை. கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அப்போது அவர் வேறொரு கார்டை வாசித்துக்கொண்டிருந்தார்.

மன்னித்தாரா, என்னை நிறுத்தி வைத்துத் தண்டித்தாரா, இல்லை வேலையைத்தான் பார்த்தாரா? இத்தனை வருஷமாகத் தெரியவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு வந்துவிட்டேன்.

நாசர் எப்போதாவது வாய்ஸ் மெசேஜ் போடுவார். அந்தப் பயிற்சி நிலையத்தை மூடிவிட்டார்களாம், இப்போது எல்லோரும் போனிலேயே இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறார்களாம். வகுப்பில் எடுத்த போட்டோ அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. கமீஸ் வேலையை விட்டுக் கிராமத்துக்குப் போனதோடு சரி, விவரம் தெரியாது. துறைமுக கேட்டில் இப்போது ஆளே நிற்பதில்லையாம். கார்டைக் காட்டினால் கம்பி தானே உயர்ந்துவிடுகிறதாம். அங்கே யார் பெயரையும் யாரும் வாசிப்பதில்லை.