தொப்பூர் மேட்டில் ஒரு மஞ்சள் சட்டை

காலை ஏழு மணிக்குத் தருமபுரியில் தண்ணீர்க் கேன் ஏற்றிய ஜீப்பில் எனக்கும் இடம் கிடைத்தது. சைக்கிள் பந்தயத்தின் மூன்றாம் நாள், கடைசி நாள். முதல் நாள் பாப்பிரெட்டிப்பட்டி, மறுநாள் பென்னாகரம். இன்று சேலம் சாலையில் தொப்பூர் வரை இறங்கி, அதே கணவாயில் ஏறித் திரும்ப வேண்டும். போக வர ஐம்பது கிலோமீட்டர் போல.

“நேத்து ஜெயிச்சவன் ஒருத்தன், மஞ்ச சட்டை போட்டிருக்கறவன் வேறொருத்தன். என்ன சார் கணக்கு?” என்றார் ஜீப் ஓட்டுநர் நாகராஜ்.

எனக்கும் விசாரித்துத்தான் புரிந்தது. ஒரு நாள் முந்தி வந்தால் அன்றைக்குக் கழுத்தில் ஒரு மாலை, அவ்வளவுதான். மூன்று நாளும் ஓட்டிய நேரத்தைக் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்கே பந்தயம்; அதுவரைக்குமான கூட்டலில் முந்தி நிற்பவருக்கு மஞ்சள் சட்டை. வெளிநாட்டில் இதையே பிழைப்பாக வைத்து மூன்று வாரம் ஓட்டுகிறார்களாம்! இங்கே மஞ்சள் சட்டை இரும்புக்கடைக் குடும்பத்து சலீமுக்கு. அடுத்து நிற்கும் ஓசூர்க்காரரைவிட மொத்தத்தில் இரண்டு நிமிடம் குறைவு. ஆனால் ஓசூர்க்காரர் மேடு ஏறுவதில் கெட்டிக்காரர்.

தொப்பூரில் திரும்பியதும் அவர் பறந்துவிட்டார். சலீமுக்குக் கால் இழுத்தது. பக்கத்தில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்தது. அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“தம்பி, கயிறு தொங்குது பாரு, புடிச்சுக்க. மேல கொண்டுபோய் வுட்டுடறேன்.”

“வேணாங்ண்ணா. புடிச்சா பந்தயத்த வுட்டே அனுப்பிருவாங்க.”

“நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன் கண்ணு!”

பந்தய நடுவர், பின்னாலேயே வந்த எங்கள் ஜீப்பில்தான் உட்கார்ந்திருந்தார்.

சலீம் கயிற்றின் பக்கம் திரும்பவே இல்லை. அவர் அணியைச் சேர்ந்த கோவிந்தன் முன்னால் போய் எதிர்காற்றைத் தன் மார்பில் வாங்கிக்கொண்டார். அந்த மறைவில், அவர் பின்சக்கரத்தை ஒட்டியே சலீம் ஏறினார்.

“லாரி ஒத்தாசை கூடாது, ஆள் ஒத்தாசை கூடுமா? நல்ல சட்டம்யா!” என்றார் நாகராஜ்.

“ஒரே டீமுங்க. அது கூடும்” என்றார் நடுவர், சிரிக்காமல்.

கணவாய் முடிந்ததும் கோவிந்தனுக்கு மூச்சு தீர்ந்தது. “போடா, நிக்காத” என்று ஒதுங்கினார். மிச்சத் தூரத்தை சலீம் பல்லைக் கடித்துக்கொண்டு தனியாக மிதித்தார்.

தருமபுரியில் ஓசூர்க்காரருக்கு மாலை போட்டாகிவிட்டது. கூட்டம் கலையப் பார்த்தது. முடிவுக் கோட்டருகே இருந்தவர்கள் மட்டும் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சலீம் அந்தக் கோட்டைத் தாண்டியபோது, ஓசூர்க்காரர் வந்து இரண்டு நிமிடம் ஆக இன்னும் சில நொடிகள் மிச்சமிருந்தன.

வெகுநேரம் கழித்து, கிட்டத்தட்டக் கடைசி ஆளாகக் கோவிந்தன் வந்தார்.

“ஜெயிச்சிட்டியாடா?”

“ஜெயிச்சிட்டோம்டா.”

எனக்குச் சேலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மைக்கில் சலீம் என்று ஒரே ஒரு பெயரைத்தான் கூப்பிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. மேடையில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.